ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்கு முன்னால் டெல்பின், கோடு போட்ட வெள்ளைத் தாளும் நீல மைப் பேனாவுமாக. வாசலோரம் கைவைத்த நாற்காலியில் வஜீஹா. அவளுக்கு முழங்கால் சரியாக மடங்காது என்பதால் அந்த நாற்காலியை அவளுக்கென்று இழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் காஸ்பரின் அக்கா ஈவ்லின், முந்தானையால் விசிறிக்கொண்டு. ஜன்னலுக்குக் கீழே தரையில், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு, மகன் லாய்ட். காஸ்பரின் முக்காலியில் ஆள் இல்லை. அதன்மேல் செம்புக் கம்பிக் காயில் பாதி மட்டும் கட்டிய தண்ணீர் மோட்டார் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அந்த மோட்டாரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் டெல்பினின் கணவர் காஸ்பர் செத்துப்போனார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. டெல்பின் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கம்பிச் சுருள் உருண்டு சமையற்கட்டு வரைக்கும் வந்தது. கை தவறி விழுந்திருக்கும், எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்து, கம்பியைச் சுற்றிக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். அவர் மோட்டார்மேல் கவிழ்ந்து கிடந்தார். மோட்டாருக்குச் சொந்தக்காரர்களான நடுத்தெரு அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் புதிது வாங்கிக்கொண்டார்கள். பழையதைக் கேட்டு வரவில்லை.

இன்று முப்பதாம் நாள். விடிகாலைத் திருப்பலி முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்தி, மத்தியானம் சாப்பாடும் ஆயிற்று. முப்பது நாளுக்குப் பிறகு இன்றுதான் வீட்டில் மீன். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஈவ்லின், ஊரூர்க் குப்பத்துக்காரியிடம் பேரம் பேசி வாங்கிய சங்கராவைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். குழம்பு நன்றாகத்தான் வந்தது. யாரும் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளவில்லை. ரோசரி சர்ச் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அக்னி நட்சத்திர வெயில் தகரக் கூரைமேல் இறங்கி, மின்விசிறிக் காற்றையும் சுடவைத்தது.

லாய்ட் கேட்டது ஒன்றுதான். அவன் பெயரில் அம்மா தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆஸ்பத்திரித் தலைமை டாக்டருக்கு ஒன்று, அதன் நகல் மருத்துவக் கவுன்சிலுக்கு. அப்பாவைக் கவனித்த டாக்டர் ஸ்ரீவத்சன் மாத்திரையின் அளவைக் கூட்டினார், கூட்டிய பதின்மூன்றாம் நாள் அப்பா செத்துப்போனார் என்று. அவன் தாளைத் தாளாகப் புரட்டித் தேதிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதே மாத்திரை சாப்பிடும் வஜீஹாவைச் சாட்சிக் கையெழுத்துக்கு வரச்சொன்னதும் அவன்தான்.

"நான் டைப் அடிச்சு அனுப்பினா குப்பைக்குத்தான் போவும் மம்மி. உன் கையெழுத்துன்னா ஒக்காந்து படிப்பாங்க."

அது உண்மை. டெல்பின் அச்சிறுபாக்கம் பள்ளியில் படித்தவள். அங்கே ஒரு வாத்தியார் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்: முதலில் இடம், பிறகு நாள், பிறகு உடனிருந்தோர் பெயர், அதற்குப் பிறகு நடந்தது, நடந்த வரிசையில். சென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பங்குப் பள்ளியில் முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தபோதும், இந்தச் சந்துக்கே மனு எழுதிக்கொடுத்தது அவள்தான். குடிநீர் லாரி வரவில்லை, விதவைப் பென்ஷன் நின்றுபோயிற்று, ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போயிற்று, எல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்: இல்லாததை எழுதமாட்டேன், ஒரு பொய் இருந்தாலும் மனு நிற்காது.

அவள் இடமும் நாளும் எழுதினாள். மயிலாப்பூர், மே பதினைந்து. உடனிருந்தோர் என்று எழுதி நான்கு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு பேனாவை மூடாமல் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக உள்ளே போனாள்.

உள்ளே பானைக்கு மேலே பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். எடுக்கவில்லை.

காஸ்பருக்கு ஆறு வருஷமாகக் கைமூட்டு நோய். காலையில் எழுந்தால் விரல்கள் வெந்த சேப்பங்கிழங்குபோல வீங்கியிருக்கும். வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால்தான் கம்பியைப் பிடிக்க வரும். மெல்லிய செம்புக் கம்பியை மோட்டாரின் பள்ளங்களுக்குள் சுற்றுக் கணக்குத் தப்பாமல் இறக்கிக் கட்டுகிற வேலை. ஒரு சுற்றில் மேல்பூச்சு உரிந்தாலும் மொத்தமும் எரிந்துபோகும். அந்தக் கையோடு அவர் கட்டியதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாய்ட் ஒரு வார்த்தை சொன்னான். கடையை மூடு, உன் கை இனி ஒண்ணுத்துக்கும் ஆவாது. அக்கறையாகத்தான் சொன்னான். காஸ்பர் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். எழுந்தவரை அவன் கூப்பிடவில்லை, போனவனை இவர் கூப்பிடவில்லை. கே.கே. நகரில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருந்தவன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான், அப்பா எப்படிக் கீறார் என்று கேட்பான், போனை அவர்கிட்ட குடுக்கட்டுமா என்றால் வைத்துவிடுவான்.

டாக்டர் ஸ்ரீவத்சன் சின்ன வயசு. மூட்டு நோய்க்காரர்களின் ரத்தக் குழாய்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். காஸ்பரும் வஜீஹாவும் அதில் சேர்ந்திருந்தார்கள். மூட்டில் இருக்கிற அழற்சி மூட்டோடு நிற்காது என்று அவர் முதல் நாளே சொன்னார். ரத்தக் குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது, குழாய் விரிவதும் ரத்தம் கட்டாமல் ஓடுவதும் அதனால்தான், அழற்சி வருஷக் கணக்கில் அதை அரித்துக்கொண்டே இருக்கும், கொழுப்பு அளவு சரியாக இருக்கிறவனுக்கும் மாரடைப்பு வருவது இப்படித்தான், அதனால் வலி இல்லையென்றாலும் மாத்திரையை விடக்கூடாது. காஸ்பர் சிரித்துவிட்டார்.

"எனாமல்னு சொல்லுங்க டாக்டர். செம்பு நல்லாத்தான் இருக்கும். மேல இருக்கிற எனாமல் போச்சுன்னா காயில் எரிஞ்சிரும்."

அதிலிருந்து டாக்டர் எல்லா நோயாளிக்கும் எனாமல் கதையைத்தான் சொன்னார். காஸ்பருக்கு அதில் ஒரு பெருமை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, கையில் பட்டை கட்டிக் காற்றடித்து, ஐந்து நிமிஷம் ரத்தத்தை நிறுத்தி, திறந்துவிட்டதும் குழாய் எவ்வளவு விரிகிறது என்று திரையில் பார்ப்பார்கள். விரிவு கூடினால், "என் எனாமல் எப்படி?" என்று வஜீஹாவிடம் பெருமை அடிப்பார். தி.நகர்க் கடைகளுக்கு, ரவிக்கைத் துணியில் ஜரிகை பின்னும் ஆரி வேலை செய்கிறவள் அவள். உங்களுது எனாமல், என்னுது ஜரிகை, அண்ணே, எது முதல்ல உதிருதுன்னு பாப்போம் என்பாள்.

மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து வந்ததும், இடியாப்பத்தோடு, ஒரு சாஸரில் மூன்று மாத்திரை வைப்பாள் டெல்பின்.

இந்த வருஷத் தவக்காலத்தில் மூன்றாவது ஞாயிறு, சாஸரை எடுக்கப் போனவள், அவர் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து அதற்குள் மாத்திரைகளை மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்தே அவர் மாத்திரை சாப்பிடவில்லை.

"ஒறுத்தலுக்கு நான் எதை விட முடியும் டெல்பின்? கறி எனக்குப் பிடிக்காது. பீடி கிடையாது. என்கிட்ட இருக்கிறது இந்த வலி ஒண்ணுதான். அதைக் குறைச்சிக்காம அப்படியே ஒப்புக்கொடுக்கிறேன். ஈஸ்டர் ஞாயிறு போட்டுக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாத, சொன்னா பலன் போயிடும்."

எதற்காக என்று அவள் கேட்டாள். அவன் இந்த ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரணும் என்றார்.

அவள் வாதாடியிருக்கலாம். ஆனால் ஒறுத்தலை வெளியே சொன்னால் அது ஒறுத்தல் இல்லை, விளம்பரம் என்று முப்பது வருஷம் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஆறே வாரம்தானே என்று நினைத்தாள். மகன் வர வேண்டும் என்பது அவளுக்கும் வேண்டியிருந்தது.

ஏப்ரல் இரண்டாம் தேதிச் சோதனையில் குழாய் விரியவே இல்லை. டாக்டர் திரையை இரண்டு முறை பார்த்தார். விரல்களைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா என்று கேட்டார். கையில் பட்டையோடு படுத்திருந்த காஸ்பர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது டெல்பின்.

"ஞாயிற்றுக்கிழமை தவறாம போடறார் டாக்டர். நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

அதை நம்பித்தான் டாக்டர் மூன்றை நான்காகக் கூட்டினார். திரும்பி வரும்போது லஸ் முனையில் கரும்புச் சாறு குடித்தார்கள். காஸ்பரால் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக்கொண்டார். நீ பொய் சொல்லுவன்னு நான் நெனைக்கல என்றார். நானும்தான் நெனைக்கல என்றாள் அவள்.

"டீச்சரக்கா, தண்ணி எனக்கும் ஒரு சொம்பு" என்று வஜீஹாவின் குரல் கேட்டது.

டெல்பின் தண்ணீர் கொண்டுபோனாள். வஜீஹா சொம்பை வாங்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். டெல்பின் கொடுக்காமல் அந்தக் கைகளையே பார்த்தாள். விரல் கணுக்கள் சிவந்து பளபளத்தன.

"என்ன வஜீஹா இது?"

"நிறுத்திட்டேங்கா. அண்ணன் போன அன்னிக்கே நிறுத்திட்டேன். நாலு ஞாயிறாச்சு. அவர எடுத்துக்கினு போன மாத்திரைய நான் எந்த தைரியத்துல முழுங்குறது? ஆரி ஊசி பிடிக்க முடியல, பொண்ணுதான் போடுது. பரவால்ல, உசுரு கீதே."

ஈவ்லின் கட்டிலிலிருந்து நீ செஞ்சதுதான் சரி என்றாள். "எல்லாம் மருந்து குடுத்தே ஆளைத் தீத்துடறானுங்க. என் தம்பி இன்னா, கல்லாட்டம் இருந்தவன். போன மாசம்கூட எங்கிட்ட போன்ல சொன்னான், இந்த ஈஸ்டருக்கு லாய்ட்டு வந்துடுவான் பாரேன்கா, நான் ஏற்பாடு பண்ணிக்கினு கீறேன்னு. அந்த வாயாலயே சொன்னான். நீயும் வந்துட்ட நைனா. அவந்தான் இல்ல."

லாய்ட் மோட்டாரிலிருந்து தொங்கிய கம்பி முனையை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்து எழுதச் சொன்னான். டெல்பின் உட்கார்ந்தாள். அவன் சொல்லச்சொல்ல எழுதினாள். என் தகப்பனார் காஸ்பர், வயது அறுபத்திரண்டு, மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்துவந்தவர். ஆறு ஆண்டுகளாக மூட்டு நோய்க்குத் தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்தார்.

"டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஒரு வாரமும் தவறாமல் சாப்பிட்டுவந்தார்" என்றான் லாய்ட்.

பேனா நின்றது. அவன் காதில் விழவில்லையோ என்று திரும்பவும் சொன்னான். டெல்பின் எழுந்து உள்ளே போனாள். பரண் அவளுக்கு எட்டாது. ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. வந்து மேசைமேல் பிஸ்கட் டப்பாவை வைத்துத் திறந்தாள். நாள்காட்டித் தாளில் மடித்த ஆறு பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். முதல் நான்கில் மூன்று மூன்று மாத்திரை. கடைசி இரண்டில், குருத்தோலை ஞாயிறு உள்பட, நான்கு நான்கு.

"டாக்டர் கூட்டிக் குடுத்தது இது. இதையும் அவர் சாப்பிடல. விபூதிப் புதன்லேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒறுத்தல்னு விட்டுட்டார்."

லாய்ட் மடியிலிருந்த ஃபைலை மூடினான்.

"உனக்குத் தெரியுமா?"

"மூணாவது வாரம் தெரியும்."

"டாக்டர் கேக்கலியா?"

"கேட்டார். தவறாம போடறார்னு நான்தான் சொன்னேன். உங்கப்பா வாயே திறக்கல."

லாய்ட் எழுந்து நின்றான். கத்தப்போகிறான் என்று டெல்பின் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவன் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அண்ணன மாத்திரை சாகடிக்கலியா?" வஜீஹா மெதுவாகக் கேட்டாள்.

"அது அவர் வயித்துக்குள்ளயே போகல வஜீஹா. சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாரான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி எனக்கு ராத்திரியும் பகலும் இருக்கு. ஆனா நீ இன்னிக்கே டாக்டருக்கு போன் போடு. நாலு வாரம் விட்டுட்டேன்னு உள்ளபடி சொல்லு. நீயா நிறுத்தினமாதிரி நீயா ஆரம்பிக்காத."

வஜீஹா தன் விரல்களை மடக்க முயன்றாள். பாதிதான் மடங்கின. நீ ஒரு மாசத்துக்கு முன்னால இதைச் சொல்லியிருக்கலாமேக்கா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டெல்பினுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஈவ்லின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒறுத்தல்னா கறிய வுடுவான், காபிய வுடுவான். மாத்திரைய வுடுவானா ஒரு மனுசன்? அப்டி யாருக்காகத்தான்..." என்று கேட்டவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். சற்று முன்னால் தான் சொன்னது அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லாய்ட் யாரையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து முக்காலியைத் தன் பக்கம் இழுத்தான். மோட்டாரின் விளிம்பில் காஸ்பர் சாக்கட்டியால் எழுதியிருந்த எண் இன்னும் அழியாமல் இருந்தது, நாற்பத்தொன்று. எந்தச் சுற்றோடு கை நின்றது என்பதற்கு அவர் எப்போதும் போடும் அடையாளம். எண்பது சுற்று வர வேண்டிய பள்ளம் அது. இந்த வேலை லாய்டுக்குத் தெரியும். பன்னிரண்டு வயசில் இதே தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. கம்பியை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்து, பூச்சு உரிந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே போனான். பிறகு நாற்பத்திரண்டாவது சுற்றை இறக்கினான்.

டெல்பின் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்தாள். இடம், நாள், உடனிருந்தோர். இந்த முறை டாக்டர் ஸ்ரீவத்சனுக்கே எழுதினாள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு. ஏப்ரல் இரண்டாம் தேதி தாங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். என் கணவர் மார்ச் ஒன்பது முதல் ஏப்ரல் பதின்மூன்று வரை ஆறு ஞாயிறும் மாத்திரை சாப்பிடவில்லை. சாப்பிடாதவற்றைப் பொதிந்த நாள்காட்டித் தாள்கள் ஆறையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் ஆராய்ச்சிப் பதிவில், மருந்து எடுத்தும் பலனின்றி இறந்தவர் என்று அவரை எழுதியிருந்தால், திருத்திவிடுங்கள். அவரைப் பார்த்துப் பயந்து வேறு யாரும் மருந்தை நிறுத்தியிருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், என் பெயரையும் சொல்லலாம். மருந்தை அவர் நிறுத்திய காரணம் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. மருத்துவத்துக்கு அதனால் பயனில்லை என்பதால் எழுதவில்லை.

எழுதி முடித்து, தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டு, மற்ற மூவரிடமும் கேட்டாள். வஜீஹா பேனாவை முஷ்டியில் பிடித்துப் போட்டாள். ஈவ்லின் கண்ணாடி இல்லாமலே போட்டாள். லாய்ட் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தான். கடைசி வரிக்கு வந்து, திரும்பவும் அதைப் படித்தான்.

"இந்த வரிய எடுத்துடு மம்மி. காரணம் எழுது. நான்னு எழுது."

"நீ இல்லடா."

"பின்ன யாரு?"

அவள் பேனாவை அவன் கையில் வைத்து, பெயருக்கு எதிரே இருந்த இடத்தைக் காட்டினாள். "மூணு பேரு. அவர் வாயத் திறக்கல, நீ போனை வாங்கல, நான் வாயத் திறந்து பொய் சொன்னேன். எழுத வேண்டியது எதுவோ அதை எழுதிட்டேன். கையெழுத்துப் போடு."

அவன் போட்டான். விரலில் ஒட்டியிருந்த மோட்டார் வார்னிஷ் தாளின் ஓரத்தில் பழுப்பாகப் பதிந்தது. அதற்காக வேறு தாளில் எழுத அவள் நினைக்கவில்லை.

கவரின் பசை காய்ந்துபோயிருந்தது. மத்தியானச் சோற்றில் நான்கு பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டினாள். அகராதியைத் தூக்கி அதன்மேல் வைத்து, எண்ணிக்கொண்டே முழங்கையால் அழுத்தினாள். பின்னால் லாய்ட் சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான், ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. அவர் எண்ணுகிற அதே குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வஜீஹாவை ஆட்டோ ஏற்றிவிட்டு, அவள் டாக்டருக்குப் போன் போடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கச்சேரி சாலைத் தபால் நிலையத்துக்கு நடந்தாள். பதிவுத் தபால் சாளரம் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஊழியர் கவரை எடை போட்டு, முகவரியைப் படித்து, ஆஸ்பத்திரிக்கா, இங்கேருந்து நடந்தே குடுத்துட்டு வந்துடலாமே டீச்சர் என்றார். அவருக்கு அவளைத் தெரியும். எத்தனையோ மனு அவர் கை வழியாகப் போயிருக்கிறது.

"நேரில போனா வேற ஏதாவது சொல்லிடுவேன்" என்றாள் டெல்பின்.

அவர் முத்திரையை இரண்டு முறை குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டி, கவரைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. சாக்கில் ஏற்கனவே நிறையக் கடிதங்கள் இருந்தன.